உறக்கத்திலிருந்து எழாத கணினி

பள்ளிக் கணினிகள் குறித்து சக ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காலையில் நன்றாகத்தான் ஓடியது. மதியம் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கிறது. மவுஸை அசைத்தாலும் வரவில்லை. கெட்டுவிட்டதா?" பெரும்பாலும் கெட்டிருக்காது. ஸ்லீப் எனப்படும் உறக்க நிலைக்குப் போன கணினி விழிக்கத் தடுமாறுகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் 'பழுது' என்று தாள் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டால், அடுத்த கணினியில் மூன்று குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கும்.

உறக்க நிலையில் நடப்பது என்ன?

மாணவர்களுக்கு நான் சொல்லும் உவமை இது. கணினியின் நினைவகமான ரேம், ஆசிரியரின் மேசை. ஹார்ட் டிஸ்க், பூட்டி வைக்கும் பீரோ. நோட்டுகளை மேசையில் விரித்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது ஸ்லீப். விரித்த நோட்டுகளை அதே வரிசையில் பீரோவில் வைத்துவிட்டுப் போவது ஹைபர்னேட். வேலையை முடித்து மேசையைக் காலி செய்வது ஷட்டவுன்.

ஸ்லீப்பில் திரை, டிஸ்க் போன்றவை நின்றுவிடும். ரேமுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்த மின்சாரமும் நின்றால், சேமிக்காத வேலை போய்விடும். எனவே, மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்துவிட்டுச் சேமிக்காமல் எழுந்து போனவருக்கு, பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் பெரிய ஆபத்து. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வோம்.

வரிசையாகச் சோதிப்போம்

1. மானிட்டரைப் பாருங்கள். அதன் விளக்கு எரிகிறதா? பின்புறக் கேபிள் தளர்ந்திருக்கிறதா? மானிட்டரை மட்டும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சில நேரம் கணினி விழித்திருக்கும், மானிட்டர்தான் உறங்கிக்கொண்டிருக்கும்.

2. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது. படம்தான் வரவில்லை என்று பொருள். விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். இது படத்தைக் கையாளும் டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கவைக்கும். திறந்திருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும்.

3. கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லையா? பவர் பட்டனை ஒரே ஒருமுறை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பழைய கணினி எழுந்துகொள்ள நேரம் எடுக்கும். ஒரு நிமிடமாவது பொறுங்கள். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் தட்டினால், விழித்த கணினி திரும்பவும் உறங்கப் போய்விடக்கூடும்.

4. எதற்கும் அசையாவிட்டால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அளவுக்கு அழுத்திப் பிடித்து அணையுங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்குங்கள். சேமிக்காதவை போயிருக்கலாம். வேர்டு, எக்செல் போன்றவை தாமாகச் சேமித்த நகல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

மீண்டும் மீண்டும் நடந்தால்

ஒருமுறை நடந்தால் விட்டுவிடலாம். அடிக்கடி நடந்தால் காரணம் தேட வேண்டும். மவுஸ், விசைப்பலகையால் எழுப்ப முடியாமல், பவர் பட்டனைத் தட்டினால் மட்டும் எழுகிறதா? டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கணினியை எழுப்பும் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு யுஎஸ்பி துளையில் செருகியும் பார்க்கலாம். கணினி விழித்தும் படம் வராவிட்டால் டிஸ்பிளே டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். அண்மையில் புதுப்பித்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால், பழைய டிரைவருக்கே திரும்பலாம்.

இவை எதுவும் பலிக்காவிட்டால், பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று வைத்துவிட்டு, திரை மட்டும் பத்து நிமிடத்தில் அணையுமாறு செய்யுங்கள். மாலையில் மறக்காமல் ஷட்டவுன் செய்தால் போதும். மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்; பாடவேளை வீணாகாது.

வகுப்பறையில் இதுவே பாடம்

எட்டாம் வகுப்பில் இதை ஒரு செயல்பாடாக நடத்துகிறேன். நோட்டில் நான்கு கட்டங்கள்: பார்த்தது, ஊகித்தது, செய்தது, விளைந்தது. விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கேபிளையும் மாற்றி, டிரைவரையும் புதுப்பித்தால், எதனால் சரியானது என்று சொல்ல முடியாது. அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்கிறோம் அல்லவா, அதே முறைதான். அட்டவணையை வைத்துக்கொண்டு மாணவர்கள் "சார், லைட் எரியுது, படம் மட்டும் வரல" என்று சொல்லும்போது பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. செருகுவதும் கழற்றுவதும் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டும். கணினிப் பெட்டியை மாணவர்கள் திறக்கக் கூடாது.

பழுது நீக்குபவரை அழைக்க நேர்ந்தாலும் இந்தக் குறிப்பு உதவும். 'கணினி ஓடவில்லை' என்ற புகாரை வைத்து அவரால் எதையும் ஊகிக்க முடியாது. 'ஸ்லீப்பிலிருந்து எழும்போது கேப்ஸ் லாக் எரிகிறது, படம் வரவில்லை, இந்த வாரம் மூன்றாவது முறை' என்று எழுதிக் கொடுத்தால், எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆய்வகச் சுவரில் இந்த நான்கு படிகளையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அவற்றுக்கு மேலே ஐந்தாவதாக ஒரு வரியும் இருக்கட்டும்: எழுந்து போகும் முன் கன்ட்ரோல், எஸ்.