கல்லோயா கற்றுக்கொண்ட பாடம்

மாணவர் கற்பதை நாம் அறிவோம். ஒரு கம்பனியோ திணைக்களமோ கற்குமா? கற்கும் என்கிறார் அமெரிக்கப் பேராசிரியர் பீற்றர் செஞ்சே. 1990இல் வெளிவந்த அவரது நூலே 'கற்கும் நிறுவனம்' என்னும் கருத்தை வர்த்தக உலகெங்கும் பரப்பியது. ஆயினும், அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே, அறுகம்பேக்கு வடக்கே, நமது அம்பாறை மாவட்டத்துக் கல்லோயாவில் அது நடந்தேறியது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் நீர் இருந்தது, பங்கீடுதான் இல்லை. இடதுகரை வாய்க்காலின் தலைமடையில் சிங்களக் குடியேற்ற வாசிகள். கடைமடையில் தமிழ் பேசும் மக்கள். மேலே நீர் வழிந்தோடும். கீழே வயல் வெடிக்கும். திணைக்களம் விவசாயியைக் குறைகூறும். விவசாயி திணைக்களத்தைக் குறைகூறுவான். 1956இல் தமிழரின் இரத்தம் சிந்தப்பட்டதும் இதே பள்ளத்தாக்கில்தான் என்பதை மறந்துவிடலாகாது.

1981இல், அன்றைய கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டதாரிகள் சுமார் முப்பது பேரை விவசாயிகளிடையே வாழ அனுப்பின. அவர்கள் கூட்டம் கூட்டவில்லை, நிர்வாகிகளைத் தெரியவுமில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டார்கள். ஒரே சிறு வாய்க்காலில் நீர் பெறுவோர் முதலில் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தனர். பின்னரே, வாக்கெடுப்பின்றி, ஒருமனதாகத் தம் பிரதிநிதியைத் தெரிந்தனர். (நமது பங்குகளிலோ முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர், அதன் பிறகுதான் சங்கத்துக்கு வேலை தேடுகிறோம்!)

அவ்வாண்டு குளத்தில் நீர் மிகக் குறைவு. திட்டத்தை ஒத்திப்போடவே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் சில வாரங்களுக்குள் விவசாயிகள் பல்லாண்டு தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானமாக வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சியதைக் கீழே அனுப்பினர். பொறியியலாளரும் மாறினர். வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் விவசாயிகளோடு வாய்க்கால் வழியே நடந்து, அவர்கள் சொல் கேட்டுத் திருத்தம் செய்தனர். அமைப்பாளர்கள் அடிக்கடி கூடி, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். முதலில் எழுதிய திட்டத்தைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டிருக்கவில்லை.

நிரந்தர ஆசிரிய வேலை கிடைத்ததும் அப்பட்டதாரிகளிற் பெரும்பாலோர் போய்விட்டனர். அத்தோடு எல்லாம் கலைந்திருக்க வேண்டும், கலையவில்லை. கற்றது ஆட்களிடம் மட்டும் தங்காமல் வாய்க்கால் குழுக்களில் ஊறியிருந்தது. நான்கே ஆண்டுகளில் நீரின் பயன் இரு மடங்கானது. 1988இல் விவசாயிகளின் பங்கேற்பை அரசாங்கம் நாட்டின் நீர்ப்பாசனக் கொள்கையாகவே ஏற்றது.

1997ஆம் ஆண்டுச் சிறுபோகம், போர் நடந்துகொண்டிருந்த காலம். முழுக் காணியையும் விதைக்கக் குளத்து நீர் போதாது என்று விவசாயிகளுக்குக் கூறப்பட்டது. அவர்கள் கூடிப் பேசினர்; விதைத்தனர். தலைமடைச் சிங்களவரும் கடைமடைத் தமிழரும் இருந்த நீரை நியாயமாகப் பகிர்ந்துகொண்டனர். அந்தப் போகத்தின் விளைச்சல் வழமையான சராசரியையும் தாண்டியது.