நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் நெருப்பும்: வேதமுடையோரின் விளக்கங்களும் நமது நிலைப்பாடும்

 

பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று நம் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் எங்கு வேலை பார்த்தாலும் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவச் சகோதரர் இருப்பார். ரக்லாண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சிவகாசியில் தங்கி, கிராமம் கிராமமாகச் சென்று பிரச்சாரம் செய்து, 1858இல் இங்கேயே இறந்தார். பைபிள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே நம் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கேள்வி வருவது இயல்பு: "ஆபிரகாமை நெருப்பில் போட்டதாகச் சொல்கிறீர்களே, எங்கள் ஆதியாகமத்தில் அப்படி இல்லையே?"

இதைக் கேட்டுச் சிலர் கோபப்படுகிறார்கள். சிலர் மனதுக்குள் தடுமாறுகிறார்கள். விஷயம் தெரிந்தால் இரண்டுக்கும் அவசியமில்லை.

குர்ஆன் சொல்வது

அல்அன்பியா அத்தியாயம் 51 முதல் 70 வரை ஓதிப் பாருங்கள். சிலைகளை உடைத்தது, பெரிய சிலையை மட்டும் விட்டுவைத்தது, சமூகத்தார் அவர்களை எரிக்க முடிவு செய்தது, அல்லாஹ் நெருப்பைக் குளிர்ச்சியாகவும் பாதுகாப்பாகவும் ஆகும்படி ஏவியது ஆகியவை அங்கே உள்ளன. அரசனின் பெயரோ, நெருப்பு எத்தனை நாள் எரிந்தது என்பதோ அங்கே இல்லை.

யஹூதிகள் விளங்கிய முறை

தவ்ராத் என்று தாங்கள் ஓதும் வேதத்தை யஹூதி அறிஞர்கள் இரண்டு வகையாக விளக்குவார்கள். ஒன்று, வசனத்தின் நேரடிப் பொருள். மற்றொன்று 'மித்ராஷ்'. வசனத்தில் சொல்லாமல் விடப்பட்ட இடத்தைக் கேள்வி கேட்டு, வரலாறுகளைக் கொண்டு விளக்குவது அது.

இப்ராஹீம் (அலை) அவர்களின் சகோதரர் ஹாரான், தந்தை உயிரோடிருக்கும்போதே 'ஊர்' என்ற இடத்தில் இறந்ததாக ஆதியாகமம் 11ஆம் அத்தியாயம் சொல்கிறது. எப்படி இறந்தார் என்று சொல்லவில்லை. எபிரேய மொழியில் 'ஊர்' என்ற சொல்லுக்கு நெருப்பு என்ற பொருளும் உண்டு. ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் இங்கேதான் நெருப்பு வரலாற்றைச் சொல்கிறது. இப்ராஹீம் (அலை) சிலைகளை உடைத்தார்கள், நம்ரூத் அவர்களை நெருப்பில் போட்டான், அவர்கள் தப்பினார்கள். ஹாரானோ 'யார் ஜெயிக்கிறாரோ அவர் பக்கம்' என்று காத்திருந்து, பிறகு நெருப்பில் போடப்பட்டு இறந்தார். 1105இல் இறந்த ரஷி என்ற பெரிய யஹூதி விரிவுரையாளர் இந்த வரலாற்றையும் எழுதி, 'ஊர்' என்றால் பள்ளத்தாக்கு என்ற வேறு கருத்தையும் எழுதியிருக்கிறார்.

கிறிஸ்தவர்கள் விளங்கிய முறை

தமிழ் பைபிள் 'ஊர்' என்பதை ஒரு பட்டணத்தின் பெயராகவே கொள்கிறது. அதனால் அதை வாசிப்பவருக்கு நெருப்பு கண்ணில் படாது. ஆனால் பெத்லஹேமில் வாழ்ந்து யஹூதிகளிடம் எபிரேயம் கற்ற ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்த வரலாற்றை அறிந்திருந்தார். அவருடைய லத்தீன் பைபிளில், நெகேமியா 9ஆம் அத்தியாயத்தில், ஆபிரகாமை இறைவன் கல்தேயரின் நெருப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தான் என்ற பொருளிலேயே மொழிபெயர்த்தார். அவர் இறந்தது நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்பு.

பொதுவாகக் கிறிஸ்தவ அறிஞர்கள் பழைய வேத வரலாறுகளை ஈஸா (அலை) அவர்களுக்கான முன்னடையாளமாகப் பார்ப்பார்கள். பலியிடப் போன மகன் விறகு சுமந்ததை, சிலுவை சுமப்பதன் அடையாளம் என்பார்கள். அது அவர்கள் கொள்கை. நாம் அதை ஏற்பதில்லை. ஆனால் அவர்கள் எப்படி விளங்குகிறார்கள் என்பது தெரிந்தால்தான் முறையாகப் பேச முடியும்.

காப்பியடித்ததா?

'யஹூதிகளிடமிருந்து முஹம்மது எடுத்துக்கொண்டவை' என்ற கருத்தில் ஆபிரகாம் கைகர் 1833இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். இந்த வாதம் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முந்தைய வேதங்களை உண்மைப்படுத்தவும் அவற்றைக் கண்காணிக்கவும் இறங்கியதாக அல்மாயிதா 48ஆம் வசனத்தில் குர்ஆனே தன்னைப் பற்றிச் சொல்கிறது. உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தின் நினைவு முந்தைய சமூகத்திடமும் எஞ்சியிருப்பதில் நமக்கு என்ன வியப்பு?

நமது நிலைப்பாடு

வேதமுடையோர் சொல்வதை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள் (புகாரி). இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தமது தஃப்ஸீரின் முன்னுரையில் இஸ்ராயீலிய்யாத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நம் மார்க்கம் உண்மைப்படுத்துவதை ஏற்போம். மறுப்பதை விடுவோம். இரண்டும் இல்லாததில் மௌனமாக இருப்போம். நெருப்பிலிருந்து தப்பியது முதல் வகை. ஹாரானின் முடிவு மூன்றாம் வகை. மேடையில் பேசுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நெருப்பின் உயரத்தையும் நாட்களையும் ஆதாரமின்றி வர்ணித்து, கேட்பவரை அதுவும் குர்ஆன் என்று நம்பவைப்பது அமானிதம் அல்ல.

நெருப்போடு வாழும் நமக்கு

இந்த வரலாற்றைத் தவறாக விளங்குவோர் நம்மிலும் உண்டு. 'அல்லாஹ் காப்பான்' என்று சொல்லிவிட்டு, மருந்து அறையில் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பது தவக்குல் ஆகாது. இப்ராஹீம் (அலை) நெருப்பைத் தேடிப் போகவில்லை. எதிரிகள் எறிந்தார்கள். அப்போது அவர்கள் அல்லாஹ்வே போதுமானவன் என்றார்கள். நமக்கோ, நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கும்முன் அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே சுன்னத்.

ஆகவே, அடுத்த முறை அந்தச் சகோதரர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஜெரோமின் மொழிபெயர்ப்பைச் சொல்லுங்கள். குர்ஆன் சொல்லும் வரலாற்றை அழகிய முறையில் எடுத்துச் சொல்லுங்கள்.

வஹீ சொன்னதைச் சொல்லி, சொல்லாததில் நாவைக் காத்து, நெருப்பின் தீங்கிலிருந்து ஈருலகிலும் பாதுகாப்புப் பெறும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.