மூளை ஆராய்ச்சியாளரின் பயிற்சிப் பாதை

டாக்டர் பட்டம் பெறுவதோடு ஒருவருடைய விஞ்ஞானப் பயிற்சி நிறைவெய்துவதில்லை. அதன்பின் தேர்ந்த நிபுணர் ஒருவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் சில ஆண்டுகள் உபகாரச் சம்பளம் பெற்றுப் பணிபுரிவது வழக்கம். இது நிரந்தர உத்தியோகமன்று. காலம் முடிந்ததும் வேலை கிடைக்குமென்ற உறுதியும் இல்லை. எனவே இவ்வாண்டுகளை எவ்வாறு பயன்படுத்துவது என்பது முக்கியமான கேள்வியாகும்.

இதற்கு டாக்டர் பால் கிருஷ்ண ஆனந்த் அவர்களின் வரலாறு விடையளிக்கிறது. 1917-ல் பிறந்த இவர், டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்தபோது, 1950-ல் ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவி பெற்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு ஜான் பிரோபெக் என்பாருடன் பணியாற்றினார்.

மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு உறுப்பின் நடுப்பகுதி பழுதுற்றால், எலிகள் மிகுதியாக உண்டு பருக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆனந்தும் பிரோபெக்கும் அதன் பக்கவாட்டுப் பகுதியில், இருபுறமும், மின்சாரத்தால் நுண்ணிய பழுதை உண்டாக்கினர். உணவு எதிரே இருந்தும் எலிகள் உண்ணாமல் மடிந்தன. ஒருபுறம் மட்டும் பழுதுற்றவை தொடர்ந்து உண்டன. இம்முடிவு 1951-ல் வெளியாயிற்று. அப்பகுதி 'உண்ணும் மையம்' எனப் பெயர் பெற்றது. அதன் வழியே செல்லும் நரம்பிழைகளுக்கும் இதில் பங்குண்டு எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

ஆனந்த் நாடு திரும்பினார். 1956-ல் அமைந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையை உருவாக்கினார். யோகிகளின் மூளை மின்னலைகளைப் பற்றிய அவர் குழுவின் ஆராய்ச்சி 1961-ல் வெளிவந்தது. 1963-ல் பட்நாகர் பரிசு பெற்றார். அயல்நாட்டில் கற்ற முறை இங்கே வேரூன்றியதற்கு, அதைக் கையாள ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்ததே காரணம்.

சாமராஜநகர் மாவட்டத்து மாணவர் இன்று இத்துறையை நாடினால், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் அல்லது உளவியலில் முதுநிலைப் பட்டம் பெறலாம். பின்னர் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு விஞ்ஞானக் கழகத்திலோ, இந்திய விஞ்ஞானக் கழகத்திலோ டாக்டர் பட்டத்திற்கு ஆராயலாம். அதன்பின் உபகாரச் சம்பளத்தை ஏற்குமுன் மூன்று கேள்விகளை அவர் கேட்டுக்கொள்ளுதல் நலம்:

1. அங்கே கற்கப்போகும் புதிய முறை யாது?
2. வெளியிடப்படும் முடிவில் தம் பங்கு தெளிவாகத் தெரியுமா?
3. கற்றதைக் கையாளத் திரும்பிவர ஓர் இடம் உண்டா?

மூன்றாவது கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் எண்ணுகின்றனர். அதை முதலிலேயே எண்ணும்படி ஆசிரியர்கள் வழிகாட்டுவார்களாக.