முதியோரிடம் நீரிழப்பைக் கண்டறிதல்

நவி மும்பையின் கார்கரில் 2023 ஏப்ரல் 16 அன்று திறந்தவெளியில் நடைபெற்ற விருது விழாவில், வெயிலின் கடுமையால் 14 பேர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் வீட்டிற்குள்ளேயே சிறிது சிறிதாக நீரை இழக்கும் முதியவர் எவர் கண்ணிலும் படுவதில்லை.

அதே நவி மும்பையில், தாணே கழிமுகக் கரையில் உள்ளது ஐரோலி. மாதுங்கா, செம்பூர், தாராவியைப் போல இங்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் பணிக்குச் சென்றபின் முதிய பெற்றோர் பகல் முழுவதும் தனித்திருக்கும் இல்லங்கள் இத்தகைய நகர்களில் பல. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடல் குளிராமலேயே நீர் வீணாகிறது.

முதுமையில் ஏற்படும் மாற்றங்கள்

வயது ஏற ஏற உடலிலுள்ள நீரின் பங்கு குறைகிறது. தாக உணர்வு மங்குகிறது. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலைச் சிறுநீரகம் ஓரளவு இழக்கிறது. இரத்த அழுத்தத்திற்காகச் சிலர் உட்கொள்ளும் மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்குகின்றன. கழிப்பறை தொலைவில் இருந்தால், இரவில் எழ அஞ்சி நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வோரும் உளர்.

அடையாளங்களின் குறைபாடு

தோலைக் கிள்ளிப் பார்த்தல், நாவறட்சி, சிறுநீரின் நிறம் ஆகியவற்றையே நாம் வழக்கமாக நம்புகிறோம். முதியோரிடம் இவற்றுள் எதுவும் தனித்து நம்பத்தக்கதன்று என 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. முதுமையில் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும். வாயால் மூச்சுவிடுவோருக்கு நாக்கு எப்போதும் உலர்ந்திருக்கும்.

உறுதியான சான்று இரத்தப் பரிசோதனையே. இரத்த நீரில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு, அதாவது ஆஸ்மோலாலிட்டி, கிலோவுக்கு 300 மில்லி ஆஸ்மோலைத் தாண்டினால் நீரிழப்பு எனக் கொள்வர். இதனை நேரடியாக அளக்கும் கருவி இல்லாதவிடத்துக் கணக்கிட்டும் அறியலாம். சோடியம், பொட்டாசியம் இவற்றின் கூட்டுத்தொகையை 1.86-ஆல் பெருக்குக, குளுக்கோஸை 1.15-ஆல் பெருக்கிச் சேர்க்க. யூரியாவையும் 14-ஐயும் கூட்டுக. அனைத்தும் லிட்டருக்கு மில்லிமோல் அளவில் இருத்தல் வேண்டும். சோடியம் 144, பொட்டாசியம் 4, குளுக்கோஸ் 6, யூரியா 7 எனில் விடை ஏறத்தாழ 303. இக்கணக்கில் விடை 295-ஐ மீறினாலே மருத்துவர் கவனிக்க வேண்டும்.

இருவகை இழப்பு

போதிய அளவு அருந்தாமையால் நேர்வது ஒருவகை. இதற்குத் தண்ணீர், தேநீர் போன்ற பானங்களே தக்கவை. வயிற்றுப்போக்காலும் வாந்தியாலும் நீருடன் உப்பும் வெளியேறுவது மற்றொரு வகை. இதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவை. 1971-இல் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலால் காலரா நோயாளிகள் பலரைக் காத்தார்.

நிர்வாகத்தின் கடமை

குழப்பம், மயக்கம், திடீர்ச் சோர்வு தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆயினும் அடையாளம் தோன்றும்வரை காத்திருப்பது முறையன்று. முதிய பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானம் தேவை என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. வெப்பமிக்க நாள்களில் இன்னும் கூடுதலாக வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் வகுத்த அளவைப் பின்பற்ற வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். 2013-இல் அகமதாபாத் நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்து வழிகாட்டியது. அத்தகைய திட்டங்களில் தனித்து வாழும் முதியோரின் பட்டியல், நலப் பணியாளரின் நண்பகல் வருகை, எட்டும் தொலைவில் கழிப்பறை, அருகிலேயே இரத்தப் பரிசோதனை ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். மருத்துவமனைப் படுக்கைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், உரிய வேளையில் நீட்டப்படும் ஒரு குவளை நீருக்கு ஆகும் செலவு மிகச் சிறிதே.