அழகைக் கூறும் சொற்கள்: ஆங்கிலமும் தமிழும்

முன்னுரை

மொழிபெயர்ப்புத் தாளில் ஓர் ஆங்கிலப் பத்தி தரப்படுகிறது. அதில் ‘பியூட்டிஃபுல்’, ‘எலிகண்ட்’, ‘கிரேஸ்ஃபுல்’, ‘ஹேண்ட்சம்’, ‘பிரிட்டி’ என ஐந்து அடைமொழிகள் வருகின்றன. நம் மாணவர் பலர் ஐந்தையும் ‘அழகான’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகின்றனர். அதனைப் பிழை என்று அடித்துவிட இயலாது. ஆயினும் ஐந்து பொருள்கள் ஒன்றாய்ச் சுருங்கிவிடுகின்றன. இதற்குக் காரணம் தமிழில் சொல் இல்லாமையா, நாம் தேடாமையா? இவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

ஆங்கில அடைகளின் வேர்கள்

ஆங்கிலச் சொற்களைச் சரியாகப் பெயர்க்க வேண்டுமாயின் அவற்றின் பிறப்பை அறிதல் நலம். ‘எலிகண்ட்’ என்பது தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழி வந்தது. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று அறிந்தவரிடம் அமையும் அழகே அது. பத்து அணிகலன்களுள் ஒன்றை மட்டும் அணிந்து, கோவைக் கோராச் சேலை உடுத்தி வரும் பெண்மணியிடம் காண்பது இதுவே. ‘ஹேண்ட்சம்’ தொடக்கத்தில் ‘கையாள எளிதானது’ என்றே பொருள்பட்டது. ‘பிரிட்டி’யின் பழைய ஆங்கிலப் பொருள் ‘தந்திரமுள்ள’ என்பதாகும். ‘சார்மிங்’ என்பதன் வேர், பாட்டையும் மந்திரத்தையும் ஒருங்கே குறித்த இலத்தீன் சொல்.

இவற்றினும் வியப்புத் தருவது ‘கிளாமர்’. இது ‘கிராமர்’ என்னும் சொல் ஸ்காத்லாந்து வழக்கில் திரிந்த வடிவம். கற்றவரிடம் மாய வித்தை உண்டு என்று மக்கள் நம்பிய காலத்தில் இலக்கணமே மாயக் கவர்ச்சியாயிற்று. தமிழிலும் இதனை ஒத்த நிலை உண்டு. ‘லட்சணமான முகம்’ என்று கொங்கு நாட்டுப் பாட்டிமார் சொல்லும் இலட்சணமும், நாம் வகுப்பில் பயிலும் இலக்கணமும் ஒரே வேரின என்பர். இலக்கணம் தனித்தமிழ் வேரினது என்பாரும் உளர். எவ்வாறாயினும் இலக்கணம் கசக்கிறது என்னும் மாணவர், அழகின் உறவினரோடு பகை கொள்கின்றனர் என்பதை உணர வேண்டும்.

தமிழில் அடைமொழியின் அமைப்பு

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். ஆங்கிலத்தில் உள்ளதுபோல் அடைமொழிக்கெனத் தனியொரு வகை வகுக்கவில்லை. 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும், திராவிட மொழிகளில் பெயர்களும் எச்சங்களுமே அடைகளாய்ப் பணிபுரிவதைக் காட்டினார். ஆகவே தமிழில் அழகைக் கூற விரும்புவோர் முதலில் தேட வேண்டியது பண்புப் பெயரை. பெயர் கிடைத்துவிட்டால் ‘ஆன’, ‘மிக்க’, ‘உடைய’, ‘வாய்ந்த’ என்பன சேர்ந்து அடையாகிவிடும். தேடும் பெயர்களோ நம்மிடம் ஏராளம்.

தமிழ்ச் சொற்களும் அவற்றின் நிழல்களும்

வனப்பு: பல உறுப்புகள் ஒருங்கு திரண்டவிடத்துத் தோன்றும் அழகு. செய்யுளியலில் தொல்காப்பியர் நூலுக்கு எட்டு வனப்புக் கூறுகின்றார். அவற்றுள் ‘அழகு’ என்பதும் ஒன்று. எனவே பேரூர்க் கனகசபையின் ஒரு தூணைக் காட்டிலும் முழு மண்டபத்திற்கே இச்சொல் பொருந்தும்.

எழில்: வளர்ந்து நிறைந்த பின்னும் இன்னும் வளரும் என்று தோன்றச் செய்வது எழில் என்பது பழைய உரைகாரர் கருத்து.

சாயல்: தொல்காப்பிய உரியியல் இதற்கு மென்மை என்று பொருள் தருகிறது. ‘கிரேஸ்ஃபுல்’ என்பதற்கு இதனினும் நெருங்கிய சொல் காண்பது அரிது.

பொலிவு: நிறைவினால் வரும் ஒளி. களத்தில் நெல் தூற்றும் உழவர் ‘பொலி, பொலி’ என்று கூறுவதும் இவ்வேரே.

நேர்த்தி: செய்தொழிலின் ஒழுங்கால் வரும் அழகு. சென்னிமலைப் போர்வையையும் பவானி ஜமக்காளத்தையும் விரித்துப் பார்ப்பவர் முதலில் சொல்லும் சொல் இது. ‘எலிகண்ட்’ என்பதைப் பொருட்கு ‘நேர்த்தியான’ என்றும், மாந்தர்க்குத் ‘தகைமை வாய்ந்த’ என்றும் இடமறிந்து பெயர்க்கலாம்.

நலம்: அழகும் நன்மையும் ஒன்றான சொல். அரபு மொழியில் ‘ஹுஸ்ன்’ என்பதும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. கோட்டைமேட்டு வீடுகளில் ஜமால், ஹஸன், ஜமீலா என்று பெயரிட்டு அழைக்கும்போது அழகையே அழைக்கின்றோம். ஹஸன் என்னும்போது அதனோடு நன்மையும் சேர்கிறது.

நிறமும் அழகும்

இனிக் கூறவிருப்பது சொல்லாராய்ச்சியைக் கடந்தது. ‘ஃபேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழம்பொருள் ‘அழகிய’ என்பதே. பின்னரே அது வெளிர்நிறத்தையும் குறிக்கலாயிற்று. இரு பொருளும் ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டதன் விளைவை நம் மணமகள் தேவை விளம்பரங்களில் காண்கின்றோம். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பசை, 2020இல் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. நம் வாய்மொழி இன்னும் நீக்கிக்கொள்ளவில்லை. ‘கறுப்பானாலும் களையான பெண்’ என்கின்றோம். புகழ்வதாக எண்ணிச் சொல்லும் அத்தொடரில் ‘ஆனாலும்’ என்பதன் உம்மை எத்தனை பெண் மக்களின் உள்ளத்தைச் சுட்டிருக்கும்! அவர்களுள் சிலர் நம் வகுப்பறையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.

சங்கப் புலவர் இவ்வாறு பாடவில்லை. மாந்தளிரின் நிறத்தை ‘மாமை’ எனப் போற்றினர். தலைவன் பிரிவால் அம்மாமை மறைந்து மேனி வெளிறுவதைப் ‘பசலை’ என்றனர். அதனை நோயாகவே கருதினர். கருமை கலந்த ஒளி அழகாகவும் வெளிறுதல் துயரமாகவும் இருந்த மொழி நம்முடையது. அச்சொல்லை இழந்தபோது அப்பார்வையையும் இழந்தோம்.

முடிவுரை

சொல்வளம் தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. எத்தனை சொற்கள் அறிவோமோ அத்தனை வகை அழகை நம் கண் காணும். ஆதலின் மாணவர்கள் ‘அழகான’ என்று எழுதுமுன் சற்றே நின்று, இது வனப்பா, சாயலா, பொலிவா, நேர்த்தியா என வினவ வேண்டும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் அகராதித் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பெரியோர்களும் பெண் பார்க்கும் வீடுகளில் அந்த ‘ஆனாலும்’ என்னும் சொல்லை விட்டுவிட்டு, ‘களையான பெண்’ என்று மட்டும் சொல்லிப் பழகுவார்களாயின் அதுவே மொழிக்கும் மக்களுக்கும் செய்யும் நலமாகும்.