மார்பக மறுசீரமைப்பு: செயற்கை மார்பகம் தசைக்கு மேலா, தசைக்குக் கீழா?

புற்றுநோய்க்காக மார்பகத்தை நீக்க வேண்டிய நிலையில், மறுசீரமைப்பு பற்றிய முடிவையும் பெரும்பாலும் அதே நாட்களில் எடுக்க நேர்கிறது. நீக்கும் அறுவையின்போதே சிலிக்கான் இம்ப்ளான்ட் பொருத்துவதென்றால், எவ்வளவு தோலை விட்டுவைப்பது என்பதை முன்பே திட்டமிட வேண்டும். அதனை மார்புத் தசைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளும் வகையில் இங்கு விளக்குகிறோம்.

தசையின் பணி

மார்பகத்துக்குப் பின்னால் விசிறிபோல் விரிந்துள்ள பெரிய மார்புத் தசை, காறை எலும்பு, நெஞ்செலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றில் தொடங்கி மேற்கை எலும்பில் முடிகிறது. கையை உடலோடு அணைப்பதும் உட்புறமாகத் திருப்புவதும் அதன் பணி. குடத்தை இடுப்பில் அணைக்கும்போதும் மாவு பிசையும்போதும் அது இறுகுகிறது.

தசைக்குக் கீழே வைத்தால்

முதல் சிலிக்கான் இம்ப்ளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பொருத்தப்பட்டது. மார்பகத்தை நீக்கியபின் தோலுக்கு அடியிலேயே வைத்த அக்கால முறையில், மெலிந்த தோல் வழியாக இம்ப்ளான்ட் வெளிவருவதும், அதைச் சுற்றி உருவாகும் தழும்பு உறை இறுகுவதும் அதிகமாக இருந்தன. ஆகவே மருத்துவர்கள் தசைக்கு அடியில் வைக்கத் தொடங்கினர். தசை ஒரு போர்வையாக அமைவதால் மேல் விளிம்பு வெளியே தெரிவது குறைகிறது. ஆனால் வலி கூடுதல். கையை இறுக்கும்போது மார்பகமும் அசையக்கூடும். தசையைச் சிறிது சிறிதாக விரிக்க, உப்புநீர் நிரப்பும் விரிவாக்கப் பையை முதலில் வைத்து, பின்னர் மற்றோர் அறுவையில் மாற்ற வேண்டியும் வரலாம்.

தசைக்கு மேலே வைத்தால்

தோலின் இரத்த ஓட்டத்தை அறுவையின்போதே சோதிக்கும் வசதியும், இம்ப்ளான்ட்டைத் தாங்கும் மெல்லிய வலைகளும் வந்தபின் இம்முறை மீண்டும் பரவியுள்ளது. தசை வெட்டப்படாததால் வலி குறைவு; அசைவுக் குறையும் பெரும்பாலும் இல்லை. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களிடம் மேற்புறத்தில் சுருக்க அலைகள் தெரியக்கூடும். வலையின் செலவும் சேரும். சில வலைகள் பன்றி அல்லது மாட்டுத் தோலிலிருந்து செய்யப்படுபவை. சமயம் சார்ந்த தயக்கம் இருப்பின் முன்கூட்டியே கூறுங்கள்; செயற்கை இழை வலைகளும் உண்டு.

எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்?

முதலில் பார்ப்பது தோலின் தடிப்பையும் இரத்த ஓட்டத்தையும். மேலே வைப்பதற்குத் தோல் நலமாக இருப்பது இன்றியமையாதது. கட்டுப்படாத சர்க்கரை நோயும் நிகோடினும் இரத்த ஓட்டத்தைக் கெடுப்பவை. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் நிகோடின் உள்ளது. அதை மறைக்காமல் கூறுங்கள். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறவிருப்பவர்களுக்கும் எந்த இடத்தில் வைத்தாலும் உறை இறுக்கத்தின் வாய்ப்பு கூடுகிறது. அவர்களுக்கு வயிறு அல்லது முதுகின் சொந்தத் திசுவைக் கொண்டு சீரமைப்பது பல வேளைகளில் பொருத்தமானது. தோலின் நிலை எதிர்பார்த்தபடி இல்லையெனில், அறுவை மேசையிலேயே திட்டத்தை மாற்ற நேரலாம்; அதற்கான ஒப்புதலையும் முன்பே பெறுகிறோம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படுமா?
• எனக்கு எந்த இடத்தைப் பரிந்துரைக்கிறீர்கள், ஏன்?
• எத்தனை அறுவைகள் தேவை? காப்பீட்டில் எவை அடங்கும்?
• இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு வழவழப்பானதா? சொரசொரப்பான சில வகைகள் ஓர் அரிய நிணநீர்ப் புற்றோடு தொடர்புடையவை என்பதால் 2019-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

வீடு திரும்பிய பின்

காய்ச்சல், சிவத்தல், திடீர் வீக்கம், தோல் கறுத்தல், காயத்திலிருந்து நீர் வடிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே வந்து காட்டுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை குடமோ குழந்தையோ தூக்க வேண்டாம். சொல்லித்தரும் தோள் பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள். இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுவதற்குமானதன்று. சிலருக்குப் பின்னாளில் மாற்ற வேண்டிவரும். அதன் விவர அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முடிவெடுக்க இயலாவிட்டால் அஞ்ச வேண்டாம். மறுசீரமைப்பைப் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். உள்ளாடைக்குள் அணியும் செயற்கை மார்பகமும் உண்டு. எதுவும் வேண்டாம் என்பதும் முழுமையான முடிவே. புற்றுநோய் சிகிச்சையை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடலாகாது. கணவரும் பிள்ளைகளும் கருத்துக் கூறலாம். இறுதிச் சொல் அப்பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.