நின்று வாசி

சேலம், குகை
ஆனி 28

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ போனில் அனுப்பிய வாசிப்பை ஆறு தடவை கேட்டேன். இரண்டரை நிமிடம். எட்டே மாதத்தில் கை இவ்வளவு சுத்தமாக விழுகிறதே என்று முதலில் சந்தோஷம். திரும்பத் திரும்பக் கேட்டபோது ஒன்று உறுத்தியது. அந்த இரண்டரை நிமிடத்தில் நீ ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. "பாட்டுன்னா வாசிச்சிடறேன் பெரியப்பா, சொந்தமா வாசின்னா கை எங்கெங்கயோ ஓடுது" என்று கூடவே எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும்.

நான் லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசித்ததை உன் அப்பா சொல்லியிருப்பான். ஆடி மாதம் சேலத்தில் கோட்டை மாரியம்மனுக்கும் மற்ற மாரியம்மன்களுக்கும் சேர்ந்தாற்போல் பண்டிகை வரும். கிதார் பிடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் அப்போது கிராக்கி. பகலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுவேன், ராத்திரி மேடை. சினிமாப் பாட்டுகளின் நடுவே வரும் கிதார் பிட்டுகளைக் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி, இருநூறுக்கு மேல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் ராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில், பாடகர் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. "தம்பி, ஒரு பத்து நிமிஷம் எதையாவது வாசிச்சு ஓட்டு" என்றார் ட்ரூப்பை நடத்தியவர். பிட்டு ஒவ்வொன்றும் பத்து நொடி, பதினைந்து நொடி. எதற்குப் பின் எதைப் போடுவது என்று தெரியாமல் கைக்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். நாலு நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்தது. அதற்குமேல் ஒரு சுரம் வரவில்லை. ஜனங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மேடையை விட்டு இறங்கிய பிறகும் விரல் நடுங்கியது.

முதல் பஸ்ஸுக்காகக் கோயில் திண்ணையிலேயே படுத்துவிட்டோம். விடியற்காலை நாகஸ்வரம் எழுப்பியது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மேளம் என்றார்கள். உள்ளே அம்மனுக்கு அலங்காரம் நடக்கிறது. எப்போது முடியும் என்று பூசாரிக்கே தெரியாது. முடியும்வரை வாசித்தாக வேண்டும். தவில்காரர் தவிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒத்து மட்டும் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் எடுத்தது பூபாளம் என்பது விசாரித்த பிறகுதான் தெரியும். அந்த ராகத்துக்கு மொத்தமே ஐந்து சுரம். முக்கால் மணி நேரம் வாசித்தார். ஒரு சின்ன வரி சொல்லுவார், பஞ்சமத்தில் வந்து நிற்பார், மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் ஒத்து மட்டும் கேட்கும். பிறகு அதே வரியைக் கடைசியில் கொஞ்சம் வளைத்துச் சொல்லுவார். இரண்டாவது வரி முதல் வரிக்குப் பதில் சொல்வதுபோல இருக்கும். இருநூறு பிட்டு வைத்திருந்தவன் நாலு நிமிடத்தில் வறண்டுபோனேன். ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு அவர் அம்மனுக்கே நேரம் வாங்கிக் கொடுத்தார்.

கண்ணு, அன்று விளங்கியதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். ஊதுகிறவருக்கு மூச்சு முடியும், அதனால் அவர் வாக்கியத்தை முடித்தே ஆக வேண்டும். கிதாருக்கு மூச்சு கிடையாது. நாம் நிறுத்தாவிட்டால் அது நிற்காது. உன் கை ஓடுவது அதனால்தான்.

இப்படிச் செய்து பார். யூடியூபில் பார்த்துப் பழகிய ஸ்கேல் வடிவங்களை இப்போதைக்கு மூடி வை. முதல் கம்பி ஒன்றே போதும். திறந்த கம்பிதான் உனக்கு ஸட்ஜம். ஸ, ரி, க, ப, த, மேல் ஸ: திறந்த கம்பி, 2, 4, 7, 9, 12-ஆவது ஃப்ரெட். இதுதான் மோகனம். உன் கிதார் வாத்தியார் மேஜர் பென்டடானிக் என்று சொல்லியிருப்பாரே, அதே ஐந்து சுரம். கட்டை விரலால் ஆறாவது கம்பியைத் திறந்தபடி மீட்டிக்கொண்டே இரு, அது உன் ஒத்து. இரண்டாவது கம்பி திறந்தபடி பஞ்சமம் பேசும், அதையும் சேர்த்துக்கொள். முதல் வாரம் ஸ, ரி, க மூன்றோடு நிறுத்திக்கொள். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வாயில் வராத எதையும் விரலால் வாசிக்காதே. முதலில் முணுமுணு, பிறகு அதைக் கம்பியில் தேடு. நல்ல குரல் வேண்டியதில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) கற்றது இப்படித்தான். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டதைக் கம்பியில் கண்டுபிடிப்பான். அந்தப் பிள்ளை 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா மேடையில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வேலை பார்த்து வளர்ந்த பி.பி. கிங்கும் ஒரு வரி பாடுவார், பாட்டை நிறுத்துவார், கிதார் பதில் சொல்லும். இரண்டும் ஒரே சமயம் நடக்காது. அவரைக் கேள், எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கவனி. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நாகஸ்வரத்தையும் கேள். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய ஊரின் பெயரைத் தன் பெயரோடு ஊர் ஊராகக் கொண்டுபோனவர். கேட்கும்போது சுரத்தைப் பிடிக்க முயலாதே. அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதை மட்டும் கவனி.

தறிச் சத்தத்தில் பயிற்சி செய்யவே முடியவில்லை என்று குறைப்பட்டாய். பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் இல்லாத நேரத்துக்கு எங்கே போவாய்? ஜன்னலைத் திறந்து வை. அடுத்த வீட்டு விசைத்தறி ஒரே கதியில் தட்டிக்கொண்டிருக்கிறது, மெட்ரோனோம் எதற்கு? நாலு தட்டு வாசி, நாலு தட்டு சும்மா இரு. அந்தச் சும்மா இருக்கும் நாலில் கை துடிக்கும். பொறுத்துக்கொள். அடுத்த வரி பிறப்பது அங்கேதான். வேகம் இப்போது உனக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான எண்ணம். வேகமாக வாசிக்கும் பிள்ளைகள் நிறையப் பேரைக் கேட்டுவிட்டேன். அவர்களில் ஒருவர் வாசித்ததுகூட ராத்திரி படுக்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

தப்பு சுரம் விழுமே என்ற பயத்தையும் எழுதியிருந்தாய். கம்பியை எண்ணிப் பார். மோகனத்துக்கு ஆகாத ஃப்ரெட்டுகள் 1, 3, 5, 6, 8, 10, 11. இதில் எதில் விரல் விழுந்தாலும் ஒரு ஃப்ரெட் பக்கத்திலேயே சரியான சுரம் இருக்கிறது. விரலை எடுத்துவிடாதே, அப்படியே வழுக்கிக்கொண்டு போய்ச் சேர். உன் பதிவில் ஒன்றே முக்கால் நிமிடத்தில் விரல் தவறி எட்டில் விழுந்து ஒன்பதுக்கு வழுக்கினாய். நீ அதைத் தப்பு என்று நினைத்திருப்பாய், அடுத்த நொடியே வேகம் எடுத்துத் தப்பித்து ஓடியது கேட்டது. எனக்கு அந்த மொத்த வாசிப்பிலும் நெஞ்சில் பட்டது அந்த ஒரு இழுப்புதான். அதை மறுபடி வேண்டுமென்றே செய்து பார். ராணிப்பேட்டையிலிருந்து வந்த பிரசன்னா கிதாரில் முழு கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். ஃப்ரெட் வைத்த வாத்தியத்தில் கமகம் எப்படி வருகிறது என்று அவர் இடது கையைப் பார். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் எத்தனை இடம் இருக்கிறது என்பது தெரியும்.

ஒரு மாதம் போன பிறகு உன் சிநேகிதியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஈ, ஏ, பி என்று மூன்று கார்டு மட்டும் வாசிக்கச் சொல். அவள் ஈ பிடிக்கும்போது ஸ, க, ப மூன்றில் எதில் நின்றாலும் பொருந்தும். ஏ வந்தால் த அல்லது ஸ. பி வந்தால் ப அல்லது ரி. நடுவில் எப்படி வேண்டுமானாலும் போ, நிற்கும் இடம் மட்டும் இதுவாக இருக்கட்டும். மோகனம் கைக்கு அடங்கிய பிறகு 3, 5, 7, 10, 12 என்று மாற்றிப் பார், சுத்த தன்யாசி வரும். மைனர் பென்டடானிக் என்பார்கள். ப்ளூஸ்காரர்கள் குடியிருக்கும் வீடு அது. அவசரமில்லை.

தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். வாசித்ததைப் போனில் பதிந்து மறுநாள் காலையில் கேள். அன்றைக்கே கேட்டால் கை பட்ட கஷ்டம்தான் நினைவில் இருக்கும், பாட்டு கேட்காது.

ஆடிப்பெருக்குக்கு ஈரோடு ரயில் ஏறி, பாலம் தாண்டி வந்துவிடுவேன். ஆற்றுக்குப் போய்வந்த பிறகு மொட்டை மாடியில் நீ வாசிக்க வேண்டும். ஸ, ரி, க மட்டும். ஐந்து நிமிடம். நான் ஆறாவது கம்பியை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் கம்பி துருப்பிடித்து விரலை அறுக்கிறது என்று உன் அப்பா சொன்னான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போகும்போது புது செட் வாங்கி வருகிறேன், அதுவரை பழையதைத் துணியால் துடைத்து வாசி.

அன்புடன்,
பெரியப்பா